ஒரு கிரேக்கச் சொல்லும் என் பிளக் கேஜும்

எங்கள் நிக்டி வீட்டு மொட்டை மாடியில் அன்று காலை பனிமூட்டம் கனத்து நின்றது. கொடியில் காய்ந்த வேட்டிகள் காலில்லாத ஆட்கள் மாதிரி மெல்ல ஆடின. எதிர் பில்டிங் அங்கேயே இருக்கிறதா, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்று சொல்ல முடியவில்லை.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஜோஷி மேடம் நின்றிருந்தார். என் வீட்டு முதல் மாடியில் குடியிருப்பவர். காலேஜில் தத்துவம் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர், என் வயசுதான் இருக்கும். மராத்தியும் இந்தியும் கலந்து பேசுவார், முதலாளி என்பதால் என்னைச் சேட் என்பார். நான் அதைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

கறுப்புத் தொட்டியின் வயிற்றில் பனி பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. மேடம் அதில் விரலால் ஆறு எழுத்து எழுதினார். முதல் எழுத்து ஒரு மீன். அடுத்தது ஒரு ஸ்டூல். பிறகு ஒரு வளையம். அதன் பக்கத்தில் வால் முளைத்த வளையம். அப்புறம் ஒரு குச்சி. கடைசியில் மறுபடி அதே மீன்.

“அபோரியா,” என்றார். “கிரேக்க பாஷை.”

“அப்படின்னா?”

“இப்போ நீங்க நிக்கிற இடம், சேட்.”

நான் குனிந்து காலுக்குக் கீழே பார்த்தேன். பனிதான் இருந்தது.

தெரியும் என்று சொன்னவன்

போன வாரம் என் முதல் லேத் வாங்கிய கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். “உங்களுக்குத் தெரியாத விஷயம் ஏதாவது உண்டா ஐயா?” என்று கேட்டிருக்கிறார். கிண்டலாகவே இருக்கட்டும். நியாயமான கேள்விதான்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து, போபோடியில் ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்து எழுந்தவன். இன்று காசார்வாடியில், பழைய மும்பை ரோட்டை ஒட்டி, என் பட்டறையில் பதினான்கு மெஷின் ஓடுகிறது. என்ஜினியரிங் படித்த பையன்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

முதன்முதலில் வேலை கேட்டுப் போன இடத்தில், “மில்லிங் மெஷின் ஓட்டத் தெரியுமா?” என்றார்கள். அப்படி ஒரு மெஷினை நான் கண்ணால் பார்த்ததில்லை.

“தெரியும்,” என்றேன்.

ஓட்டிக்கொண்டிருந்தவன் பின்னால் ஒரு மணி நேரம் சும்மா நின்றேன். அவன் கை போகும் போக்கையும், பல்சக்கரம் இரும்பைக் கடிக்கும் சத்தத்தையும், எண்ணெய் எப்போது ஊற்றுகிறான் என்பதையும் பார்த்தேன். அவன் சாப்பிடப் போனான். நான் ஓட்டினேன். ஓடியது.

அன்றிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் வந்ததில்லை. கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்த முதல் இரும்புச் சீவல் தெரிகிறது. நீலமாகச் சுருண்டு, புகைந்து, என் செருப்பின் மேல் விழுந்தது.

இரண்டே தொட்டி

பட்டறைகளில் மூன்று தொட்டி வைப்பார்கள். சரியான பீஸுக்குப் பச்சை. தப்பான பீஸுக்குச் சிவப்பு. இரண்டிலும் சேராமல், ‘இதைப் பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்குவதற்கு மஞ்சள்.

நான் சொந்தப் பட்டறை போட்ட முதல் மாசமே மஞ்சள் தொட்டியைத் தூக்கிவிட்டேன். அதில் வாட்ச்மேன் துளசிச் செடி வைத்தான். சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு. நடுவில் நின்று தலையைச் சொறிகிறவனுக்கு என் இடத்தில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று காசார்வாடி ஸ்டேஷனில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியும்.

இங்கே பிளக் கேஜ் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரும்பில் போட்ட துளை சரியான அளவா என்று பார்க்கும் கருவி அது. ஒரு சாண் கைப்பிடி, இரண்டு முனையிலும் வழவழவென்று ஒரு தலை. ஒரு தலை துளைக்குள் போக வேண்டும். இன்னொரு தலை, தலைமுடியில் பாதி கனம் பெரிசு. அது போகக் கூடாது. அவ்வளவுதான்.

என்னிடம் இருந்த கேஜ் நான் சொந்தமாக வாங்கிய முதல் கருவி. வருஷத்துக்கு ஒரு முறை சோதனைச் சாலைக்குப் போய் முத்திரையோடு திரும்பும். காலையில் கையில் எடுத்தால் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டது மாதிரி இருக்கும்.

சந்தனம்

போன தசராவுக்கு வழக்கம்போல ஆயுத பூஜை போட்டோம். மராத்திக்காரப் பையன்கள் கண்டே நவமி என்பார்கள். நாள் ஒன்றுதான். மெஷினுக்கெல்லாம் செண்டுமல்லி மாலை கட்டினோம். பட்டறை முழுக்க கற்பூரமும் கூலண்ட் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை. வேறெங்கும் அந்த வாசனை கிடைக்காது.

கேஜுக்கு நானே பொட்டு வைத்தேன். எங்கள் வழக்கம், சந்தனத்திலும் குங்குமத்திலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைப்பது. காய்ந்தால் பெயிண்ட் மாதிரி இறுகிவிடும். மற்றவர்கள் கைப்பிடியில் வைப்பார்கள். நான் இரண்டு தலையிலும் வைத்தேன். பொட்டு என்றால் தலைக்குத்தானே?

“பூஜைக்கு வெச்ச குங்குமம். தானா போற வரைக்கும் யாரும் தொடைக்கக் கூடாது,” என்று உத்தரவும் போட்டேன்.

மறுநாள், எங்களுக்கு வழக்கமாக வேலை தரும் கம்பெனிக்கு ஒரு அவசர லாட், மொத்தமாக ஒரே மாதிரிப் பீஸ்கள். துளை போடுகிற மெஷினில் நின்றவன் தயாளன். என் மனைவி மரகதத்தின் தம்பி, என் மச்சான். இருபத்திரண்டு வருஷமாக என் பட்டறையில் இருக்கிறான். அவன் போட்ட துளையில் என் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

மத்தியானம் வந்து நின்றான்.

“மாமா, கேஜ் மேல எனக்கு டவுட்டா கீது.”

“இன்னா டவுட்டு?”

“காலைல ஒரு மாதிரி போவுது, இப்ப ஒரு மாதிரி போவுது. துளை சின்னதுன்னு காட்டுதேன்னு பெரிசு பண்ணிக்கினே போறேன். கையி ஒத்துக்க மாட்டேங்குது.”

“அந்தக் கேஜ் உனக்கு முன்னாடியே இந்தத் தொழிலுக்கு வந்தது. நீ கைய மாத்துடா.”

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. திரும்பிப் போய் மெஷினைப் போட்டான்.

நான்காம் நாள் அந்த லாட் முழுக்கத் திரும்பி வந்தது. எல்லாத் துளையும் பெரிசு. அந்தக் கம்பெனியிலிருந்து எனக்குப் பீஸ் திரும்பி வருவது அதுவே முதல் தடவை. பதினான்கு மெஷினையும் நிறுத்தச் சொன்னேன். அவ்வளவு அமைதியில், எல்லார் காதிலும் விழும்படி, “அளந்து பாக்காம கண்ண மூடிக்கினு வேலை செஞ்சிருக்கான். இவன் இனிமே இங்க வேணாம்,” என்றேன்.

தயாளன் கையைத் துணியில் துடைத்தான். விரல் விரலாக, ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வெளியே போனான். தகரக் கதவுக்கு வெளியே வெயில் அவனை அப்படியே விழுங்கிவிட்டது.

காலண்டரோடு பேசியவள்

மரகதம் என்னோடு பேச்சை நிறுத்தினாள். சமையலை நிறுத்தவில்லை. ஆற்காட்டுப் பெண்கள் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

ஊரிலிருந்து வாங்கி வந்த தேதி கிழிக்கும் காலண்டர் ஒன்று ஹாலில் தொங்குகிறது. அதோடு பேச ஆரம்பித்தாள்.

“காலண்டரே, கொழம்பு ஆறிப் போவுது.”

“காலண்டரே, என் தம்பிக்கு ஒசூர்ல வேலை கெடச்சிட்சாம். வியாழக்கெழம வீட்ட காலி பண்றானாம். அவன் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னு சொல்லிட்டான். இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான்.”

காலண்டர் என்ன பதில் சொல்லும்? நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. அந்த நாட்களில் எங்கள் வீடு தண்ணீருக்கு அடியில் இருந்தது மாதிரி ஒரு ஞாபகம். குக்கர் விசில்கூட எங்கோ தூரத்தில் ரயில் போவது மாதிரி கேட்டது.

வால் முளைத்த வளையம்

அந்த வியாழக்கிழமைக் காலையில்தான் நான் பனியில் மொட்டை மாடிக்குப் போனது. ஜோஷி மேடம் நேராகக் கேட்டார்.

“மரகதம் ஏன் சுவரோட பேசறாங்க?”

சொன்னேன். என் பக்க நியாயத்தை நன்றாகவே சொன்னேன்.

“துளை சரியா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“கேஜ் சொல்லும்.”

“கேஜ் சரின்னு யார் சொல்றது?”

“மேடம், அது கேஜ். அதுதான் அளவே.”

“திரும்பி வந்த பீஸை உங்க கேஜ்ல போட்டுப் பாத்தீங்களா?”

“எதுக்கு? கம்பெனிக்காரன் பெரிசுன்னுட்டான். தயாளன் அளக்கல, அவ்வளவுதான்.”

“ஒருவேளை அவர் அளந்திருந்தா? உங்க கேஜ் சரின்னு சொல்லியிருந்தா? அவங்க கேஜ் தப்புன்னு சொல்லுது. சண்டை ரெண்டு கேஜுக்கும் நடுவுல. இதுல அந்த மனுஷன் எங்க வந்தார்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஐம்பது வருஷமாக, திறந்தால் ஏதாவது ஒன்று வரும் வாய் அது. பனி உள்ளே போய் வந்ததே தவிர, வார்த்தை வரவில்லை.

அப்போதுதான் அவர் தொட்டிப் பக்கம் திரும்பி அந்த ஆறு எழுத்தை எழுதினார்.

“மேல போக வழி இல்லாத இடம்னு அர்த்தம்,” என்றார். “நமக்குத் தெரியும்னு நெனச்சது தெரியாதுன்னு ஆகி, திகைச்சு நிக்கிற நெலை. கிரேக்கக்காரங்க அதைக் கேவலமா நெனைக்கல. யோசனை அங்கதான் ஆரம்பிக்குதுன்னாங்க.”

“என் பட்டறைல அப்படி ஒரு இடமே கிடையாது மேடம்.”

“இருந்திருக்கும். நீங்க தூக்கி வெளிய வெச்சிருப்பீங்க.”

துளசிச் செடி விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று திடுக்கிட்டேன். தெரியாது, பொதுவாகத்தான் சொன்னார். என்னை வார்த்தையில் மடக்கிய பொம்பளை மரகதத்துக்குப் பிறகு இவர்தான்.

எழுதிய எழுத்து கனம் தாங்காமல் வழிய ஆரம்பித்தது. முதல் மீன் நீளமாகிக் கீழே நீந்தியது. ஸ்டூலுக்குக் கால் வளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தொட்டி பழையபடி வெறும் கறுப்பு.

படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். எனக்கு ஒரு பாஷையில் ஒரே ஒரு வார்த்தை தெரியும் என்றால், அது கிரேக்கம்தான்.

வியாழக்கிழமை

எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கு வியாழன் லீவு. காசார்வாடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, நானே பூட்டைத் திறந்தேன்.

ஓடாத பட்டறைக்குள் தனியாக நின்றிருக்கிறீர்களா? கூரையில் பதித்த கண்ணாடித் தகடு வழியாக வெளிச்சம் தூண் தூணாக இறங்கும். அதில் தூசி மேலே போகிறதா, கீழே வருகிறதா என்று தெரியாது. காய்ந்த செண்டுமல்லி மாலைகள் மெஷின் கழுத்தில் தொங்கின. பதினான்கு மெஷினும் நான் வரும்வரை ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, சட்டென்று நிறுத்தியது மாதிரி இருந்தது.

ஆணியில் மாதிரிப் பீஸ் ஒன்று தொங்கும். கம்பெனியே அளந்து, ‘இதுதான் சரி’ என்று முத்திரை போட்டுக் கொடுத்தது. அதை எடுத்தேன். கேஜின் போகிற தலையை அதன் துளையில் வைத்தேன்.

போகவில்லை.

திருப்பி வைத்தேன். போகவில்லை. சரியான துளையில், என் சரியான கேஜ், போகவில்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தலையில் நான் வைத்த பொட்டு பாதி தேய்ந்து, மீதி மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தேன். துணி சிவந்தது. கை சிவந்தது. அந்த எண்ணெய் வாடையையும் மீறி, பிசுபிசுவென்று சந்தனம் மணத்தது.

இப்போது வைத்தேன். ஒரு சின்ன மூச்சு விட்டு, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

பொட்டின் கனத்தில் கேஜ் பருத்திருந்தது. சரியான துளையைச் சின்னது என்றது. தயாளன் நம்பிப் பெரிசாக்கினான். போகக் கூடாத தலையும் பொட்டோடு பருத்திருந்ததால், பெரிசான துளையை அதுவும் பிடிக்கவில்லை. அவன் ஒவ்வொரு பீஸையும் அளந்திருக்கிறான். என் கேஜ்தான் ஒவ்வொரு தடவையும் பொய் சொல்லியிருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேஜைத் துடைத்து இடத்தில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ. வெளிச்சத் தூண் ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்கு நகர்ந்திருந்தது.

துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போபோடி பஸ் பிடித்தேன்.

டெம்போ

தயாளன் வீட்டுச் சந்தில் டெம்போ நின்றது. பீரோ, கட்டில், மூட்டைகள் ஏறிவிட்டன. அவன் மனைவி சுமதி, கட்டிய மெத்தைச் சுருளின் மேல் உட்கார்ந்து வளையல்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். “வாங்க” என்று மட்டும் சொல்லவில்லை.

தயாளன் உள்ளேயிருந்து வந்தான்.

“இன்னா மாமா, வழியனுப்ப வந்தீங்களா?”

வழியெல்லாம் பஸ்ஸில் யோசித்து வைத்த பேச்சு ஒன்று இருந்தது. நல்ல பேச்சு. அதை விட்டுவிட்டு, துணியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் விரித்தான். சிவப்பைப் பார்த்தான். மூக்குப் பக்கம் கொண்டு போனான். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. அவன் கண்ணில் ஆச்சரியம் இல்லை. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“உனக்கு அன்னைக்கே தெரியுமாடா?”

“தெரியாது மாமா. தோணிச்சு.”

“தோணிச்சின்னா தொடைச்சிட்டுப் பாக்கறதுதானே? நான் இல்லாத நேரமாப் பாத்துத் தொடைச்சிருக்கலாமே!”

அவன் துணியை மடித்தான்.

“அக்கா புருஷன் வெச்ச குங்குமத்த நான் எப்படி மாமா தொடைப்பேன்?” என்றான். “துணிய எடுத்தேன். அக்கா நெத்தி ஞாபகம் வந்துச்சி. வெச்சிட்டேன்.”

சந்தில் யாரோ பால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எங்கோ ரேடியோ. எல்லாம் கனவில் கேட்பது மாதிரி இருந்தது. மரகதத்தின் நெற்றிக்காக, என் உயிருக்காக, இவன் பதினான்கு மெஷினுக்கு நடுவில் நின்று திட்டு வாங்கியிருக்கிறான். அதையும் யாரிடமும் சொல்லாமல் ஒசூருக்குக் கிளம்பியிருக்கிறான்.

“தப்பு என்னுது,” என்றேன். “எல்லார் முன்னாடியும் உன்னச் சொன்னேன். எல்லார் முன்னாடியும் இதயும் சொல்றேன். நீ வாடா.”

“வந்தா? நாளைக்கு நான் டவுட்டுன்னு சொன்னா மெஷின நிறுத்துவீங்களா மாமா?”

‘நிறுத்துவேன்’ என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதைக் கொஞ்சம் பிடித்து வைத்து யோசித்தேன்.

“தெரியலடா,” என்றேன். “நிறுத்தணும்னு இப்ப தோணுது. அன்னைக்குக் கோவத்துல நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியல.”

சுமதி சிரித்துவிட்டாள். கையிலிருந்த வளையல்கள் கலகலத்தன. “நிறுத்துவேன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்,” என்றாள், என்னிடம் அல்ல, வளையல்களிடம்.

டெம்போக்காரன் பொறுமை போய் ஹார்ன் அடித்தான். “சேட், கிளம்பலாமா, என்ன?” என்று இந்தியில் கேட்டான், என்னைப் பார்த்து. எங்கே போனாலும் என்னைத்தான் கேட்பார்கள், முகராசி அப்படி. நான் தயாளனைக் காட்டினேன்.

தயாளன் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஒசூர் தெற்கே. நிக்டி வடக்கே.

“முதல்ல நிக்டி போ,” என்றான் டெம்போக்காரனிடம். “அக்காகிட்ட சொல்லாம ஊர் விட்டுப் போவக் கூடாது.”

பீரோவும் கட்டிலும் கயிற்றில் ஆட, முன் சீட்டில் நாங்கள் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம். 

மரகதம் கேட்டில் நின்றிருந்தாள். மேலேயிருந்து ஜோஷி மேடம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தம்பியின் தோளில் ஒரு அடி போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு, சுவரை அல்ல, என்னைப் பார்த்து.

“கையெல்லாம் இன்னா இப்படிச் செவந்து கெடக்குது? போய்க் கழுவிட்டு வாங்க. சாப்பாடு போடறேன்.”

சாப்பிட்டு முடித்து, தயாளன் வெளியே போய் டெம்போக்காரனிடம் மெத்தையையும் ஸ்டவ்வையும் மட்டும் வீட்டுக்குள் இறக்கி, மீதியைக் கட்டுப் பிரிக்காமல் படிக்கட்டுக்குக் கீழே அடுக்கச் சொன்னான். ஒசூருக்குப் போன் போட்டு, கொஞ்ச நாள் ஆகும் என்றான். அப்புறம் என்னிடம் வந்தான்.

“காலைல பட்டறைக்கு வரேன் மாமா. வேலைக்கு இல்ல. திரும்பி வந்த லாட்ட அடுத்த சைஸுக்குப் பெரிசாக்கினா எத்தினி தேறும்னு பாக்கணும். இத்தினி இரும்ப வீணாக்க மனசு வல்ல. அவ்ளோதான்.”

மறுநாள் வந்தான். ஷிப்ட் மணி அடித்ததும் பதினான்கு மெஷினையும் நிறுத்தச் சொல்லி, சொல்ல வேண்டியதை எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் காதில் வாங்காதது மாதிரி ஒவ்வொரு பீஸாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த லாட் முடிந்து ஏழெட்டு மாசம் ஆகிறது. இன்று காலையும் எனக்கு முன்னாலேயே வந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். யாராவது கேட்டால், வேலைக்கு வரவில்லை என்றுதான் இன்னமும் சொல்கிறான்.